தேனீ எழுத்து தந்த உமர்தம்பி



எங்க அப்பா மரக்காணம் உப்பளத்தில் கணக்கு எழுதுறவர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்க தெருவில் யார் யாருக்கு என்னென்ன போச்சுன்னு அப்பவே தட்டச்சு செய்து சி.டி.யில் வைத்திருந்தார். போன மாதம் திறந்து பார்த்தால் எல்லாம் கிறுக்கல்! அப்பா முகமே வாடிப் போச்சு.

கணினி சாரிடம் காட்டினேன். அந்தக் காலத்தில் பல தமிழ் எழுத்துருக்கள் தனித்தனி எண் வரிசை வைத்திருந்தனவாம். ஒன்றில் அடித்தது இன்னொன்றில் வராது. பழைய டர்போ சி++ நிரல் புதிய கம்பைலரில் பிழை காட்டுற மாதிரிதான். அங்கே ஹெடர் பெயரில் உள்ள '.எச்' எடுத்து, கிளியர்ஸ்கிரீன் வரியை நீக்கி, ஸ்டாண்டர்டு நேம்ஸ்பேஸ் வரியைச் சேர்த்தால் பெரும்பாலும் ஓடிவிடும். நிரலையே தூக்கிப் போட வேண்டாம்.

தமிழுக்கு அப்படி வழி செய்தவர்களில் ஒருவர் உமர்தம்பி. 1953-இல் அதிராம்பட்டினத்தில் பிறந்தார். அதுவும் நம்ம ஊர் போல உப்பளக் கடற்கரைதான். படித்தது விலங்கியல். ஊரில் ரேடியோ பழுது பார்த்தார். பிறகு துபாய் போய் வேலை செய்தார். கணினியைத் தானே ஆர்வமாய்க் கற்றார்.

யுனிகோடு வந்தபோது எல்லாக் கணினியிலும் 'அ'வுக்கு ஒரே எண், 2949. ஆனால் விண்டோஸ் 98 போன்ற பழைய கணினிகளில் யுனிகோடு தமிழ் எழுத்துருவே இல்லை. புதுக் கணினி வாங்க எல்லாராலும் முடியுமா? உமர்தம்பி 'தேனீ' எழுத்துருவைச் செய்தார். இணையப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துருவும் கூடவே இறங்கிவிடும். படிப்பவர் எதையும் நிறுவ வேண்டாம். ஒலிப்பு முறையில் தமிழ் அடிக்க ஒரு கருவியும் செய்தார். எல்லாம் இலவசம்! 2006 ஜூலையில் காலமானார். அப்போது நான் பிறக்கவே இல்லை.

சார் அப்பாவின் கோப்பை யுனிகோடுக்கு மாற்றித் தந்தார். முதல் வரியில் எங்க தெரு ஆயா பெயர். எதிரில் உப்பு வாரும் பலகை இரண்டு, ஆடு ஒன்று. ஆயா இப்போ இல்லை. அப்பா சத்தம் போட்டுக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

உங்க வீட்டிலும் பழைய சி.டி. கிடந்தால் குப்பையில் போடாதீங்க. சாரிடம் கொண்டு வாங்க.



– பிளஸ் ஒன் மாணவி