பனிமிதியடி அணிந்த ஆயர்

ஐரோப்பாக் கண்டத்தில் ஆல்ப்ஸ் மலையை ஒட்டி ஸ்லொவேனியா என்றொரு சின்னஞ்சிறு நாடு உண்டு. அது தனி நாடானது 1991-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் நெடுங்காலம் ஆஸ்திரியப் பேரரசின் கீழும், பின்னர் யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதியாகவும் இருந்தது. நிலம் குறைவு, வரி அதிகம். ஆகவே பிழைப்புத் தேடிக் கப்பலேறி அமெரிக்கா சென்ற ஸ்லொவேனியர் ஆயிரமாயிரம் பேர். ஆனால் அந்த மக்கள் தங்கள் முன்னோடியாகப் போற்றுபவரோ பிழைப்புத் தேடிப் போனவர் அல்லர். இருந்த சொத்தையும் சுகத்தையும் உதறிவிட்டுப் போனவர். அவர்தாம் ஆயர் பிரெடெரிக் பரகா.

1797-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கார்னியோலா மாநிலத்து மாலா வாஸ் சிற்றூரில், வசதி படைத்த குடும்பத்தில் பரகா பிறந்தார். பதினைந்து வயது நிரம்புமுன் தாயையும் தந்தையையும் இழந்தார். நம் வயதுதான்! லியூப்லியானா நகரில் தோலினார் என்ற பேராசிரியரின் இல்லத்தில் வளர்ந்து, பிறகு வியன்னா சென்று சட்டம் பயின்றார். பேராசிரியரின் மகள் ஆன்னாவுக்கும் அவருக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. வியன்னாவில் புனித கிளமெந்து மரிய ஹோப்பாவரின் வழிகாட்டுதலால் அவருடைய உள்ளம் குருத்துவத்தை நாடிற்று. 1821-இல் சட்டப் படிப்பு முடிந்ததும் குருமடத்தில் சேர்ந்தார். தமக்குரிய பூர்வீகச் சொத்தைத் தம் சகோதரி அமாலியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் ஆன்னாவைப் பற்றி ஓரிரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பெண்ணும் ஒரு தியாகம் செய்தவள்தானே என்று நமக்குத் தோன்றுகிறது.

1823-இல் குருப்பட்டம் பெற்றவர், ஏழு ஆண்டுகள் தாய்நாட்டில் பணியாற்றினார். பாவசங்கீர்த்தனத்தில் கடுமை காட்டுவதே சிறப்பென்று பல குருக்கள் எண்ணிய காலம் அது. இவரோ கனிவு காட்டினார். மக்கள் திரண்டு வந்தார்கள். மேலிடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தொலைவில் இருந்த மெட்லிகாவுக்கு மாற்றப்பட்டார். 1829-இல் வியன்னாவில் அமெரிக்க மறைப்பணிக்கென லியோபோல்டைன் சங்கம் தோன்றியபோது இவர் விண்ணப்பித்தார். 1830-ஆம் ஆண்டின் கடைசி நாளில் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார்.

1831-இல் மிச்சிகன் ஏரிக்கரையில் ஒட்டாவா என்னும் பூர்வகுடிகளிடையே பணி தொடங்கியது. செவ்விந்தியர் என்று நாம் படித்திருக்கிறோமே, அவர்களில் ஓரினம். அவர்களுடைய மொழியில் ஒரே வினைச்சொல் எத்தனையோ வடிவங்கள் எடுக்கும். அடுத்த ஆண்டே, 1832-இல், அந்த மொழியில் ஒரு ஜெப நூலை அச்சிட்டுவிட்டார்! பிறகு 1835-இல் சுப்பீரியர் ஏரியிலுள்ள லா பாயிண்ட் தீவுக்கும், 1843-இல் லான்ஸ் என்னும் இடத்திற்கும் சென்று ஒஜிப்வா மக்களோடு வாழ்ந்தார். 1850-இல் ஒஜிப்வா மொழியின் இலக்கணத்தையும், 1853-இல் அகராதியையும் வெளியிட்டார். பிற்காலத்தில் அமெரிக்காவில் விடுதிப் பள்ளிகளை நிறுவி, பூர்வகுடிப் பிள்ளைகள் தாய்மொழி பேசினாலே தண்டித்தார்கள். அதனால் தேய்ந்துபோன மொழியை இன்று மீட்க முயல்வோரின் கையில் அந்த அகராதியும் இருக்கிறது.

ஜெபமும் அகராதியும் மட்டுமா? மதுபானத்தைக் கொடுத்துத் தோலையும் ரோமத்தையும் மலிவாகப் பறித்த வணிகர்களை அவர் எதிர்த்தார். அவர்களுடைய பகையைத் தேடிக்கொண்டார். பூர்வகுடிகளை ஊரைவிட்டு மேற்கே துரத்துவது அந்நாளைய அரசின் கொள்கை. லான்ஸில் பரகா நிலத்தை விலைக்கு வாங்கினார். சொந்த நிலத்தில் குடியிருப்பவர்களை எளிதில் விரட்ட முடியாதல்லவா? வியன்னாவில் படித்த சட்டம் வீண்போகவில்லை என்றே நாம் நினைக்கிறோம்.

அப்பகுதியில் குளிர்காலம் நீண்டது. பனி இடுப்பளவு கிடக்கும். மரச்சட்டத்தில் தோல்வார் பின்னிய அகலமான மிதியடியைக் காலில் கட்டிக்கொண்டால்தான் புதையாமல் நடக்கலாம். அதைக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் நடந்தார். இரவில் பனிமீதே படுத்தார். 1853-இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட பிறகும் நடை நிற்கவில்லை. அவருடைய இன்னொரு சகோதரி அந்தோனியா 1837-இல் உடன் வந்து லா பாயிண்டில் உதவினார். அந்தக் குளிரை அவர் உடல் தாங்கவில்லை. பிலடெல்பியா சென்று பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

பரகா எழுதிய கடிதங்கள் தாய்நாட்டில் ஆவலோடு படிக்கப்பட்டன. அவற்றால் தூண்டப்பட்டு 1835-இல் குரு பிரான்சிஸ் பிர்ட்ஸ் வந்தார். பின்னாளில் மினசோட்டாவில் பணியாற்றிய அவர், அங்கே நல்ல நிலம் உண்டு என்று ஊருக்கு எழுத, 1860-களில் ஸ்லொவேனிய உழவர்கள் குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள். மிச்சிகனின் செப்புச் சுரங்கங்களுக்கும் ஆட்கள் வந்தார்கள். பரகாவுக்குப் பின் ஆயர்களான இக்னேசியஸ் மிராக், ஜான் வெர்டின் இருவருமே ஸ்லொவேனியர். முதல் ஸ்லொவேனியப் பத்திரிகை 1891-இல் சிக்காகோவில் பிறந்தது. அது நொடித்தபோது மினசோட்டாவில் எடுத்து நடத்தியவரும் ஒரு குருவே. பின்னர் உருக்காலைகளை நாடிச் சென்றவர்களால் கிளீவ்லாந்து நகரம் அமெரிக்க ஸ்லொவேனியரின் தலைநகர் போலாயிற்று.

இந்தப் பெருக்கத்தைப் பார்க்க பரகா இல்லை. 1866-இல் பால்டிமோர் நகரில் ஆயர்கள் கூடியபோது பக்கவாதத்தால் வீழ்ந்து தலையில் அடிபட்டார். இதமான தட்பவெப்பமுள்ள அந்த ஊரிலேயே தங்கிவிடும்படி மற்றவர்கள் வற்புறுத்தினார்கள். பனிநாட்டைத் தவிர வேறெங்கும் சாக அவர் விரும்பவில்லை. உடன் வந்த குருவைக் கெஞ்சி ரயிலேறி மார்க்கெட் நகருக்குத் திரும்பினார். அங்கே 1868-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் கண்மூடினார்.

மார்க்கெட் நகரின் புனித பேதுரு பேராலயத்தில் அவருடைய உடல் இளைப்பாறுகிறது. 2012-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். லான்ஸ் ஊர் அடங்கிய மாவட்டத்திற்கு இன்றும் பரகா என்றே பெயர். ஒஜிப்வா மக்கள் அங்கே இன்னும் வாழ்கிறார்கள்.