சிபேலியஸ்: தம் இசைக்குத் தாமே நீதிபதி

வட ஐரோப்பிய இசையைப் போற்றும் பல்லியக் கச்சேரி எங்கு நடைபெறினும், அதன் நிகழ்ச்சி நிரலில் பெரும்பாலும் முன்னிற்கும் பெயர் பின்லாந்து நாட்டு இசைமேதை ஜான் சிபேலியஸ் என்பதாகும். தொண்ணூற்றோராண்டு வாழ்ந்த அம்மேதை, இறுதி முப்பதாண்டுகளில் பெரும் படைப்பெதனையும் உலகுக்கு அளித்தாரல்லர். அம்மௌனத்தை வீழ்ச்சியெனக் கொள்வாருளர். எனக்கு அது உடன்பாடன்று. காரணம் அவரது வாழ்விலேயே உள்ளது.

சிபேலியஸ் 1865 டிசெம்பர் 8 ஆம் திகதி ஹமீன்லின்னா என்னும் நகரிற் பிறந்தார். பின்லாந்து அந்நாளில் ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. வைத்தியரான தந்தையை இரண்டு வயதிலேயே இழந்தார். வீட்டில் வழங்கியது சுவீடிஷ் மொழி. பின்னிஷ் மொழியைப் பள்ளிக்கூடத்திலேதான் நன்கு கற்றார். சிறந்த வயலின் வித்துவானாக வேண்டுமென்பதே அவர்தம் இளமைக் கனவு. 1891 இல் வியன்னாவின் புகழ்பெற்ற பல்லியக் குழுவில் இடம்வேண்டித் தேர்வுக்கு நின்றார், தேறவில்லை.

வாசிப்பில் வாய்க்காத வெற்றி படைப்பில் வாய்த்தது. பின்னிஷ் மக்களின் காப்பியமாகிய 'கலேவலா'வின் கதையொன்றைத் தழுவி அவர் அமைத்த 'குல்லெர்வோ' 1892 இல் ஹெல்சிங்கியில் அரங்கேறிப் பெரும்புகழ் ஈட்டியது. ஆயினும் 1893 இன் பின், தாம் வாழ்ந்த காலம் முழுவதும், அதனை முழுமையாக இசைக்க அவர் இடமளித்தாரல்லர். ஊரார் மெச்சினும் தம் உள்ளம் மெச்சாததை அவர் ஏற்பதில்லை.

1899 இல் ருஷ்ய அரசு பின்லாந்தின் உரிமைகளைச் சுருக்கியது. பத்திரிகைகளின் வாயையும் அடைத்தது. அவ்வாண்டு நவம்பரில், பத்திரிகையாளருக்கு நிதி திரட்டுவதாகக் கூறி ஹெல்சிங்கியில் விழாவொன்று எடுக்கப்பட்டது. அவ்விழாவின் இறுதிக் காட்சிக்குச் சிபேலியஸ் அமைத்த இசையே, பின்னர் திருத்தம் பெற்று, 'பின்லாந்தியா' எனப் பெயர் பூண்டது. சொல்லொன்றும் இல்லாத அவ்விசை, அடிமைப்பட்ட மக்களின் குரலாயிற்று.

புகழ் வந்த பின்னும் அவர் தம்மிடம் கண்டிப்புக் குறைந்தாரல்லர். 1904 இல் அரங்கேறிய வயலின் கொன்சேர்ட்டோவைத் திருத்தி மறு ஆண்டு புதிதாக வெளியிட்டார். 1915 ஏப்ரலில், துசுலா ஏரிக்கு அண்மையிலுள்ள தம் இல்லச் சூழலில், பதினாறு அன்னங்கள் வானில் வட்டமிடக் கண்டு பரவசமுற்றார். அவ்வனுபவம் ஐந்தாம் சிம்பனியின் இறுதிப் பகுதியிற் கலந்தது. அவரது ஐம்பதாம் பிறந்தநாளன்று அது அரங்கேற, நாடே கொண்டாடியது. அவரோ நிறைவு கொள்ளாது, 1916 இல் ஒருமுறையும் 1919 இல் மறுமுறையும் அதனை மாற்றியமைத்தார். இன்று உலகம் கேட்பது அவ்விறுதி வடிவத்தையே.

ஏழாம் சிம்பனி 1924 இலும், 'தபியோலா' 1926 இலும் வெளிவந்தன. எட்டாவதை எதிர்நோக்கி உலகம் காத்திருந்தது. அமெரிக்க நகரான பொஸ்ரனில் அதனை அரங்கேற்றவும் பேச்சு நடந்தது. ஆண்டுகள் கழிந்தன, சிம்பனி வரவில்லை. 1940களில் ஒருநாள் அவர் தம் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றை வீட்டு அடுப்பிலிட்டு எரித்தார். எட்டாம் சிம்பனியும் அத்தீயிலேயே மறைந்ததென்பர். அதன்பின் கணவரின் மனம் அமைதியுற்றதென மனைவி ஐனோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். எஞ்சிய குறிப்புகளிற் சில துணுக்குகள் 2011 இல் ஹெல்சிங்கியில் இசைக்கப்பட்டன. அவை மூன்று நிமிடமளவும் நீளவில்லை.

அத்தீ நமக்குப் பேரிழப்பே, அதனை மறுப்பதற்கில்லை. எனினும், 'குல்லெர்வோ'வை மறைத்து வைத்ததும் ஐந்தாம் சிம்பனியை இருமுறை மாற்றியதும் எந்த மனமோ, அதே மனந்தான் எட்டாவதையும் எரித்தது. அம்மனத்தின் கண்டிப்பால் விளைந்த நிறைவைப் போற்றும் நாம், அதே கண்டிப்பால் விளைந்த மௌனத்தை மட்டும் பழித்தல் நேர்மையன்று. எழுதியதையெல்லாம் உடனே அச்சிற் காண விழையும் நம்மனோர்க்கு இதில் ஒரு பாடமுண்டென்பது என் துணிபு.

1957 செப்டெம்பர் 20 ஆம் திகதி இரவு, சிபேலியஸ் தம் இல்லத்திற் காலமானார். அன்று மாலை ஹெல்சிங்கியில் சேர் மல்கம் சார்ஜென்ற் நெறிப்படுத்திய கச்சேரியில் ஒலித்தது, அவர் மும்முறை செதுக்கிய அந்த ஐந்தாம் சிம்பனியே.