மாக்டா நாக்மன் அம்மையார்

தேச விடுதலைக்காகக் கடல் கடந்து அலைந்த தமிழர்களைப் பற்றி எழுதும் நூல்களில் எம். பி. டி. ஆச்சாரியாருக்குச் சில பக்கங்களாவது உண்டு. 1887-ம் வருஷத்தில் சென்னையில் பிறந்து, பாரதியாரின் ‘இந்தியா’ பத்திரிகைக்காக உழைத்து, 1908-ல் அப்பத்திரிகை புதுவைக்குக் குடிபெயர்ந்தபோது தாமும் அங்கே சென்று, பிறகு லண்டன், பாரிஸ், பெர்லின், கான்ஸ்டாண்டினோபிள், நியூயார்க், காபூல், தாஷ்கண்ட் என்று கால் நூற்றாண்டுக்கு மேல் தாய்நாட்டைக் காணாது சுற்றியவர் அவர். அந்தப் பக்கங்களின் நடுவே, அவர் மாஸ்கோவில் ஒரு ருஷ்யச் சித்திரக்காரியை விவாகம் செய்துகொண்டார் என்ற செய்தி ஒரு வரியில் வரும். அவ்வரியோடு அம்மையாரின் கதையும் முடிந்துவிடும். இது நியாயமன்று என்பது நமது அபிப்பிராயம். கணவரைக் காட்டிலும் அதிகமாக இழந்தவர் அவர். இழந்ததைப் பற்றி மேடையேறிப் பேசாதவரும் அவரே.

மாக்டா நாக்மன் 1889-ல், ஜார் சக்கரவர்த்தியின் தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கைச் சார்ந்த வசதியுள்ள குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை யூத மரபினர். தாயார் ஜெர்மானிய வழிவந்த லூதரன் கிறிஸ்தவர். அந்நகரில் ஸ்வான்ட்சேவா என்ற மாது நடத்திய சித்திரப் பள்ளியில் மாக்டா சேர்ந்தார். ருஷ்ய நாட்டியக் குழுக்களுக்கு ஆடையும் அரங்கமும் அமைத்து ஐரோப்பாவையே வியக்கவைத்த லெயோன் பாக்ஸ்ட் அங்கே ஆசிரியர். அவருக்குப் பின் பெத்ரோவ்-வோத்கின் வந்தார். பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற ஷகால் அங்கே பயின்ற மாணாக்கர்களில் ஒருவர். நல்ல ஆசானும் நல்ல சகபாடிகளும் ஒருங்கே வாய்ப்பது அரிது. மாக்டாவுக்கு அது வாய்த்தது.

1913-ல் கிரிமியாக் கடற்கரையிலுள்ள கொக்தெபெல் கிராமத்தில், கவி வோலோஷின் இல்லத்தில் கூடிய இளைஞர் கோஷ்டியில் அவரும் இருந்தார். அங்கேதான் மரீனா ஸ்வெத்தாயேவா என்னும் இளங்கவியின் உருவத்தைத் தீட்டினார். அப்போது கவிக்கு வயது இருபதை ஒட்டியது. அந்தக் கவியும் பின்னர் ஐரோப்பாவில் அகதியாய் வாடி, நாடு திரும்பி, 1941-ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ருஷ்யாவில் மாக்டாவின் பெயர் இன்றும் ஒருவாறு நிலைத்திருப்பதற்குக் காரணம் இந்த ஒரு சித்திரமே.

1917-ல் புரட்சி வந்தது. அதைத் தொடர்ந்து உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வந்தன. தலைநகரங்களில் ரொட்டி கிடைக்கவில்லை. வர்ணத்தையும் துணியையும் பற்றிக் கேட்பானேன்! கிராமப்புறத்துக்குப் போய்க் குமாஸ்தா வேலை பார்த்தும், கிராம நாடக மேடைக்குத் திரையும் ஜோடனையும் எழுதியும் அவர் காலந்தள்ளினார். முப்பது வயதில் பெயர் சொல்லத் தொடங்கியிருந்த ஒரு கலைஞர் கணக்குப் புத்தகத்தின் முன் உட்கார நேர்ந்தது. புரட்சியைப் போற்றி எழுதும் நண்பர்கள் இத்தகைய நஷ்டங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்போம். அதற்காக நாம் ஜாராட்சியின் பக்கம் சாய்ந்துவிட்டதாக யாரும் கருதவேண்டாம்.

பிறகு மாஸ்கோவுக்குத் திரும்பிய அவர் அங்கே ஆச்சாரியாரைச் சந்தித்தார். ஆச்சாரியாரின் நிலை அப்போது விசித்திரமானது. 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டு கட்சி அமைக்கப்பட்டபோது அவரைத் தலைவராக்கினார்கள்; சில மாதங்களுக்குள் மானவேந்திரநாத ராயுடன் பிணக்கு முற்றி, 1921-ல் வெளியே தள்ளினார்கள். பிரிட்டிஷ் சர்க்காருக்கு அவர் ராஜத்துரோகி; போல்ஷ்விக்குகளுக்கு அடங்காதவர். இருவருக்கும் வேண்டாத அத்தகைய மனிதரை மாக்டா 1922-ல் மணந்துகொண்டார். அவ்வருஷக் கடைசியில் இருவரும் பெர்லின் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பின் அம்மையார் தம் நாட்டில் வாழவில்லை.

சென்னையிலிருந்து பூந்தமல்லி செல்லும் நெடுஞ்சாலையில் நம் வேலப்பன்சாவடி இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே சாவடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழிப்போக்கன் இளைப்பாறி, விடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிற இடம் சாவடி. பெர்லின் அக்காலத்தில் அத்தகைய ஒரு பெருஞ்சாவடியாக இருந்தது. புரட்சியிலிருந்து தப்பிவந்த ருஷ்யர்கள் லட்சக்கணக்கில் ஜெர்மனியில் தங்கியிருந்தார்கள். வீரேந்திரநாத சட்டோபாத்யாயா, நம் செண்பகராமன் பிள்ளை போன்ற இந்தியத் தேசபக்தர்களும் அந்நகரில் இருந்தார்கள். இரு கூட்டத்துக்கும் நடுவே மாக்டா அம்மையார் வாழ்ந்தார். ருஷ்ய முகங்களோடு இந்திய முகங்களும் அவருடைய துணியில் இடம்பெற்றன. 1928-ல் அவருடைய சித்திரங்கள் பெர்லினில் தனிக் காட்சியாக வைக்கப்பட்டபோது, அங்குள்ள ருஷ்யப் பத்திரிகையில் அதைப் பாராட்டி எழுதியவர் விளாதிமிர் நபகோவ் என்ற இளம் எழுத்தாளர். பிற்காலத்தில் ஆங்கில நாவலாசிரியராக உலகப் புகழ் பெற்ற அதே நபகோவ்தான். 1933-ல் அவருடைய உருவத்தையும் அம்மையார் தீட்டினார். ஆனால் புகழுரை வாடகை கொடுக்காது. தம்பதிகளின் குடித்தனம் என்றும் கையிருப்பில்லாத குடித்தனமாகவே நடந்தது.

அதே 1933-ல் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்தான். தந்தை யூதர் என்ற ஒன்றே அம்மையாருக்கு ஆபத்தாயிற்று. கணவரோ வெள்ளைத்தோல் அல்லாதவர், அதற்கு மேல் அரசாங்கமே வேண்டாமென்னும் அராஜகவாதக் கொள்கையைத் தழுவியவர். இங்கே சட்டத்தின் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். அக்காலப் பிரிட்டிஷ் சட்டப்படி கணவனுடைய பிரஜா உரிமையே மனைவிக்கும் உரியது. எந்தச் சாம்ராஜ்யத்தை ஒழிக்க ஆச்சாரியார் வீட்டை விட்டாரோ, அதன் பிரஜையின் மனைவி என்ற அந்தஸ்துதான் அந்த ருஷ்ய மாதுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே புகலாக இருந்தது. நெடுங்காலம் பாஸ்போர்ட்டுக்காக மன்றாடியபின் வழி பிறந்தது. 1934-ல் பெர்லினை விட்டு ஸ்விட்ஸர்லாந்து சென்றார்கள். 1935-ல் ஆச்சாரியார் பம்பாயில் இறங்கினார். அம்மையார் பின்னர் வந்து சேர்ந்தார். இடம் மாறும்போதெல்லாம் துணிமணியைச் சுருட்டலாம். சட்டமடித்த பெரிய சித்திரங்களை எப்படிச் சுமப்பது? பீட்டர்ஸ்பர்க்கில் எழுதியவை, பெர்லினில் எழுதியவை ஆகியவற்றில் பெரும்பகுதி அன்று விட்ட இடத்திலேயே போயிற்று.

பம்பாயில் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். வயது நாற்பத்தைந்தைக் கடந்துவிட்டது, பாஷை புதிது, வெயில் புதிது. மலபார் ஹில் பகுதியில் ஒரு சிறு ஜாகை. ஆச்சாரியார் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிச் சொற்பம் சம்பாதித்தார். அம்மையார் தனவந்தர்களின் உருவப்படங்களை எழுதி வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டார். ஆனால் தமக்காக எழுதியபோது அவர் கண் வேறு இடத்தில் விழுந்தது. தெருவோரத்தில் குந்தியிருக்கும் உழைப்பாளி, குழந்தையை இடுப்பில் தாங்கிய ஏழைப் பெண் முதலியோரைத் தீட்டினார். ஐரோப்பியர் பலர் இந்தியாவை வரைந்தபோது மகாராஜாக்களையும் யானைகளையும் தேடினார்கள். இவர் தேடவில்லை. பசியை அறிந்தவருக்குப் பசித்த முகம் வேடிக்கைப் பொருளாகத் தோன்றாது அல்லவா?

பம்பாய்க் கலைச் சங்கத்தின் காட்சிகளில் அவருடைய படங்கள் இடம்பெற்றன. ஹிட்லருக்குத் தப்பி அந்நகருக்கு வந்த வால்ட்டர் லாங்ஹாமர், ருடால்ப் பான் லேடன் முதலியோரும் அந்தக் கலை வட்டத்தில் இருந்தார்கள். 1947-ல் முற்போக்குக் கலைஞர் குழு என்ற பெயரில் கிளம்பிய பம்பாய் இளைஞர்களுக்கு இந்த அகதிகளின் ஆதரவு பெரிதும் உதவியது என்பதைக் கலைச் சரித்திரம் எழுதுவோர் ஒப்புக்கொள்கிறார்கள். வியன்னாவிலிருந்து 1939-ல் தப்பிவந்த நாட்டியக்காரி ஹில்டே ஹோல்கருக்கு அம்மையார் ஆடையும் அரங்கமும் அமைத்துக் கொடுத்தார். பாக்ஸ்டிடம் பீட்டர்ஸ்பர்க்கில் கற்ற வித்தை, முப்பது வருஷத்துக்குப் பின் பம்பாய் மேடைக்கு வந்தது.

அவர் புதிய மார்க்கம் ஒன்றைக் கண்டவர் என்று நாம் வாதிக்க வரவில்லை. அவருடைய சகபாடி ஷகாலைப்போல ஒரு தனி உலகத்தை அவர் படைக்கவில்லை. எதிரே அமர்ந்தவரைப் பொறுமையாய்ப் பார்ப்பதும், பார்த்ததை மிகைப்படுத்தாமல் எழுதுவதுமே அவருடைய பலம். இடையறாமல் ஓரிடத்தில் இருபது வருஷம் வேலை செய்ய முடிந்திருந்தால் அது எங்கே போய் முடிந்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்? அவருக்கு அந்த இருபது வருஷம் கொடுக்கப்படவில்லை. பம்பாயில் கிடைத்தது பதினைந்து வருஷத்தை ஒட்டியது. அதிலும் ஓர் உலக யுத்தம் குறுக்கிட்டது.

1951 பிப்ரவரி 12-ந் தேதி பம்பாயில் அம்மையாரின் சித்திரக் காட்சி திறக்கப்படவிருந்தது. திறப்பதற்குச் சில மணி நேரம் இருக்கையில் அவர் உயிர் பிரிந்தது. வயது அறுபத்தொன்று. ஆச்சாரியார் அதன்பின் மூன்று வருஷம் நோயோடும் வறுமையோடும் போராடி, 1954 மார்ச்சில் அதே நகரத்தில் காலமானார். வாரிசு இல்லாத வீட்டிலிருந்து மிச்சப் படங்களும் சிதறின.

2020-ல் லீனா பெர்ன்ஸ்டைன் என்ற ஆராய்ச்சியாளர் அம்மையாரின் சரித்திரத்தை ஆங்கிலத்தில் முழு நூலாக வெளியிட்டார். அதுபோல் ஒன்று தமிழில் வருமானால் நன்று. அதைவிட அவசரமான காரியம் ஒன்றிருக்கிறது. அவர் எழுதிய உருவப்படங்கள் பம்பாய்ப் பழங்குடும்பங்களின் கூடங்களில், எழுதியவர் யாரென்றே அறியப்படாமல், இன்னும் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும். மும்பையில் வாழும் நம் அன்பர்கள், 1930-க்களிலும் 40-க்களிலும் தீட்டப்பட்ட பழைய படம் எங்கேனும் கண்ணில் பட்டால், வெள்ளையடிப்பவர் கைக்கோ பழைய சாமான்காரர் கைக்கோ போகுமுன், அதன் மூலையில் கையெழுத்து இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பார்களாக.