மீர் சுல்தான் கான்

மீர் சுல்தான் கான் (இறப்பு: ஏப்ரல் 25, 1966) பிரித்தானிய இந்தியாவைச் சேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர் ஆவார். பிரித்தானிய வாகையர் பட்டத்தை 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை வென்றார். ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவான பன்னாட்டு ஆட்டக் காலத்திலேயே உலகின் முன்னணி ஆட்டக்காரர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார்.

இளமை

பஞ்சாபில் சர்கோதா அருகிலுள்ள மித்தா திவானா என்னும் ஊரில் பிறந்தார். பிறந்த ஆண்டு 1903 எனவும் 1905 எனவும் குறிக்கப்படுகிறது. தந்தையிடம் ஒன்பதாம் வயதில் இந்திய முறைச் சதுரங்கத்தைக் கற்றார். இம்முறையில் காலாள் முதல் நகர்வில் இரு கட்டங்கள் செல்ல இயலாது. அரசன் ஒருமுறை குதிரையைப் போல நகரலாம். நிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கான் இவரது திறமையை அறிந்து ஆதரித்தார். 1928இல் அனைத்திந்திய வாகையர் போட்டியில் வென்றார்.

ஐரோப்பாவில்

1929இல் உமர் ஹயாத் கானுடன் இலண்டன் சென்றார். ஐரோப்பிய விதிகளுக்குப் புதியவராக இருந்தும் அவ்வாண்டே ராம்ஸ்கேட்டில் பிரித்தானியப் பட்டத்தை வென்றார். திறப்பாட்டக் கோட்பாட்டில் பயிற்சி குறைவாக இருந்தமையால் தொடக்க நகர்வுகளில் அடிக்கடி பின்தங்குவார். நடுவாட்டத்திலும் இறுதியாட்டத்திலும் அதனை ஈடுசெய்வார். குளிரும் மலேரியாக் காய்ச்சலும் இவரை வருத்தின.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வாகையர் கப்பபிளங்காவைத் தோற்கடித்து மூன்றாமிடம் பெற்றார். 1930, 1931, 1933 ஒலிம்பியாடுகளில் இங்கிலாந்து அணியின் முதற்பலகையில் ஆடினார். 1931இல் பிராகாவில் ரூபின்ஸ்டைன், ஃபுளோர் ஆகியோரை வென்றதுடன், உலக வாகையர் அலேகினுடன் சமன் செய்தார். அதே ஆண்டு தார்த்தகோவருடனான தொடரை 6½–5½ என வென்றார்; 1932இல் ஃபுளோரிடம் 2½–3½ எனத் தோற்றார்.

உலகப் பட்டத்திற்கு இவர் போட்டியிட்டதில்லை. 1922ஆம் ஆண்டின் இலண்டன் விதிகளின்படி, உலக வாகையரை அறைகூவுவோர் குறைந்தது 10,000 டாலர் பரிசுத் தொகை திரட்ட வேண்டும். வலிமை மட்டுமன்றிப் பொருள் ஆதரவும் தேவைப்பட்ட காலம் அது.

தாயகம் திரும்பல்

1933இன் இறுதியில் உமர் ஹயாத் கானுடன் இந்தியா திரும்பினார். 1935இல் காடில்கருடன் ஆடிய பத்து ஆட்டங்களில் ஒன்றை மட்டும் சமன் செய்து ஏனையவற்றை வென்றார். பின்னர் போட்டிகளிலிருந்து விலகி வேளாண்மையில் ஈடுபட்டார். பல நூல்கள் இவரை உமர் ஹயாத் கானின் பணியாளர் எனக் குறிக்கின்றன. குடும்பத்தினர் இதனை மறுத்துள்ளனர். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் வாழ்ந்த இவர், சர்கோதாவில் காலமானார்.

மதிப்பீடு

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1950இல் முதன்முறையாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியபோது இவர் பெயர் இடம்பெறவில்லை. இவர் மறைந்து ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்குப் பின், 2024இல் மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கப்பட்டது. 1961இல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டராகவும், 1988இல் விசுவநாதன் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டராகவும் ஆவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, இத்துணைக்கண்டத்தின் ஆட்டத்திறனை உலகறியச் செய்தவர் சுல்தான் கான் ஆவார்.