மார்க்கோனி

கம்பியில்லாத் தந்தியை உலகுக்கு வழங்கிய மார்க்கோனி 1874-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் இத்தாலி தேயத்துப் பொலோனா நகரிற் பிறந்தார். தாயார் அயர்லாந்துப் பெண்மணி. இளைஞராயிருந்த 1895-இலேயே தந்தையாரின் தோட்ட வீட்டினின்று ஒரு குன்றுக்கப்பால் மின்னலைகளாற் செய்தி விடுத்தார். 1901 டிசம்பர் 12-இல் அட்லாண்டிக் கடலைக் கடந்துவந்த மூன்று புள்ளிகளைச் செவியுற்றார். அவற்றை ஏற்ற பாதரசக் கருவி நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் 1899-இல் விளக்கியதன் வழிவந்ததே என ஆராய்ச்சியாளர் சிலர் நிறுவியுள்ளனர்.

இவை பலரும் அறிந்தன. நாம் இங்குக் கருத விரும்புவது பிறிதொன்று. வானவெளி யாவர்க்கும் பொது. அதிற் பலர் ஒருங்கே பேசினால் யாது நிகழும்? அதே 1901-இல் நியூயார்க்கை அடுத்த கடலில் பாய்க்கப்பற் பந்தயம் நடந்தபோது, மார்க்கோனியாரும் அவர்தம் போட்டியாளரும் ஒரே வேளையிற் செய்தி விடுத்தமையால் ஒன்றும் விளங்காதாயிற்று. சாரற் காலத்தில் தென்காசியினின்று குற்றாலஞ் செல்லுஞ் சாலையில் வண்டிகளெல்லாம் ஒருமிக்க ஊதுகுழல் ஒலித்தால், எவ்வொலி எவரை விலகச் சொல்கின்றதென யார் அறிவார்?

அலைகளை இசைவித்துப் பிரிக்கும் முறைக்கு 1900-லேயே அவர் 7777 என்னும் எண்ணுள்ள உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார். எனினும், பிறர் கருவியோடு தம் நிலையங்கள் பேசலாகாதென அவர் கம்பெனியார் விதித்திருந்தனர். அவ்விதி நமக்கு உடன்பாடன்று. பொதுவெளியைத் தமதெனக் கொண்ட அவ்வழக்கத்தை 1906-இல் பெர்லினிற் கூடிய நாடுகள் விலக்கின.

1912 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு, டைட்டானிக் கப்பலிலிருந்த மார்க்கோனிக் கம்பெனி ஊழியர் பிரயாணிகளின் தந்திகளைக் கரைக்கு விடுத்துக்கொண்டிருந்தார். அண்மையில் நின்ற காலிபோர்னியன் கப்பல் பனிப்பாறைகளைப் பற்றி அறிவிக்க முற்பட்டது. அவ்வொலி தம் வேலையைக் குலைத்ததால் ஊழியர் அதனை அடக்கிவிட்டார். காலிபோர்னியனிலிருந்த ஒரே தந்தியாளர் சிறிது பொழுதிற் கருவியை நிறுத்தி உறங்கச் சென்றார். டைட்டானிக் மோதிப் பின்னர்க் கூவியழைத்தபோது அருகே கேட்பாரில்லை. ஏறக்குறைய 1,500 பேர் மாண்டனர். இரவும் பகலும் கேட்டிருத்தல் வேண்டுமென்ற விதி 1914-இல் வகுக்கப்பட்டது.

கப்பலுக்கு நேர்ந்த இவ்விடர் மோட்டார் வண்டிக்கும் உண்டு. ஆரியங்காவுக் கணவாயின் வளைவுகளில் எதிர்வரும் வண்டியைக் கண் காணாது. அலை முன்னறிவிக்கக் கூடும். 2010-இல் வெளியான 802.11பி என்னும் விதியைத் தழுவும் வண்டிகள் தம் இடத்தையும் வேகத்தையும் நொடிக்குப் பத்துமுறை வரை அறிவிக்க வல்லன. பேசுமுன் ஒவ்வொன்றும் கேட்கும். பிறிதொன்று பேசுமாயின் அடங்கி, அது முடிந்தபின் கணக்கின்றித் தேர்ந்த ஒரு நுண்பொழுது பொறுத்துப் பேசும். பொறுக்கும் பொழுது வண்டிதோறும் வேறுபடுதலின், மீண்டும் ஒருங்கே பேசும் இடர் அரிதாகின்றது. நெரிசல் மிகும்போது மோதல் மிகுமென்பதும் உண்மையே.

மார்க்கோனியார் 1909-இல் நோபெற் பரிசை ப்ரௌன் என்பாரோடு பகிர்ந்து பெற்றார். 1937 ஜூலை 20-ஆம் நாள் ரோமாபுரியிற் காலமானார். அப்பொழுது பல நாட்டு வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலியடங்கி நின்றன.