கல்வி நாடி வந்த யுவான் சுவாங்

சீனநாட்டுத் துறவியாராகிய யுவான் சுவாங், பௌத்த நூற்பொருளை ஐயந்திரிபற உணரவேண்டி, அரசாணை தடுத்தும் அஞ்சாது, கி. பி. 629-ஆம் ஆண்டளவில் பாரதநாடு நோக்கிப் புறப்பட்டார். பாலைநிலத்தில் நீர்த்துருத்தி கைதவறி வீழ்ந்து நீர் முழுதும் மணலிற் சுவறிற்று. சிறிது தொலைவு பின்வாங்கியவர், குறித்த நாட்டை எய்தாது மீளேனென்று தாம் பூண்ட விரதத்தை நினைந்து, மீண்டும் மேற்றிசை நோக்கித் திரும்பி, நான்கு இரவும் ஐந்து பகலும் நீரின்றியே சென்றார்.

நாளந்தாவில் முதுபேராசிரியராகிய சீலபத்திரரை அடைந்து, ஆண்டுகள் பல மாணவராயமர்ந்து கற்றார். தெற்கே நம் காஞ்சிமாநகர் வரையும் வந்து கண்டார். தாயகம் மீளுங்கால் சிந்துநதியில் ஓடம் அலைப்புண்டு ஐம்பது சுவடிகள் நீர்வாய்ப்பட்டன. உயிர் பிழைத்தது போதுமென்று அவர் போய்விடவில்லை. இழந்தவற்றைப் படியெடுத்து வர ஆளனுப்பிக் காத்திருந்தார். 645-இல் 657 நூல்களுடன் சீனம் சேர்ந்து, 664-இல் இறக்குமளவும் அவற்றை மொழிபெயர்த்தலையே தொழிலாகக் கொண்டார்.

அயல்நாடு சென்று பயிலும் இளைஞர்காள்! தாம் கற்றதைத் தம் மக்கட்கு அளித்த பின்னரே அப்பெரியார் தம் பயணம் முடிந்ததெனக் கருதினார் என்பதை மறவாதிருப்பீராக.