வில்லியம் பிற்றின் இளமைக் கல்வி

எமது கல்லூரி விவாத மேடையில் ஏறி இறங்கும் மாணவருள், அரசியலிற் புகும் ஆசை ஒருவருக்கேனும் இல்லாத ஆண்டு இருந்திராது. அதற்குப் பதினாறு வயதிலே என்ன செய்யலாம் என்று கேட்போருக்கு யாம் உபதேசம் செய்யப் புகவில்லை. அவ்வயதில் அதனையே கல்வியாகக் கொண்டு பயின்ற ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சொல்ல விரும்புகின்றோம்.

வில்லியம் பிற் 1759ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலுள்ள ஹேயிஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பெயரும் அதுவே. ஏழாண்டு யுத்தத்தை வெற்றியுடன் நடத்திய பெருமந்திரி அவர். 1766இல் சற்றம் பிரபு என்னும் பட்டம் பெற்றார். அச்செய்தி வந்தபொழுது ஏழு வயதுச் சிறுவனாகிய வில்லியம், தான் மூத்த மகன் அல்லன் என்று மகிழ்ந்தானாம். மூத்தவன் செல்லவேண்டியது பிரபுக்கள் சபைக்கு. இளையவனுக்கோ பொதுமக்கள் சபையிலே தந்தையைப் போலப் பேசும் வழி திறந்திருந்தது.

நோயாளிப் பிள்ளையாதலின் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பித்தனர். தந்தையார் கையாண்ட முறையொன்று எம் கவனத்துக்குரியது. கிரேக்க, இலத்தீன் நூற்பகுதியொன்றைக் கையிற் கொடுத்து, அதனைப் பார்த்தவாறே உரத்த குரலில் ஆங்கிலத்திற் சொல்லும்படி பணிப்பார். தக்க சொல் வாராவிடின், வரும்வரை வாய்மூடி நிற்றல் வேண்டும். தகாத சொல்லை இட்டு நிரப்பலாகாது. நீண்ட வாக்கியத்தைத் தொடங்கி இடறாது முடிக்கும் ஆற்றல் தமக்கு இப்பயிற்சியால் வந்ததென்று பிற் பின்னாளிற் சொன்னதுண்டு. பழைய செய்யுளுக்கு நின்றநிலையிற் பொருள் சொல்லும் எம் மாணவர் இதனை நாளைக்கே தொடங்கலாம், செலவு ஒன்றுமில்லை.

1772இல், பதின்மூன்று வயதிலே, உடன்பிறந்தாருடன் வீட்டில் நடிப்பதற்கென ஒரு சோக நாடகம் எழுதினார். அதிலே அரசுண்டு, சதியுண்டு, ஆட்சிப் பொறுப்புப் பற்றிய வாதமுண்டு. காதல் மாத்திரம் இல்லை.

அடுத்த ஆண்டு கேம்பிறிட்ஜிலுள்ள பெம்புறோக் கல்லூரியிற் சேர்ந்தார். சேர்ந்தவுடன் கடுநோய் கண்டது. வைத்தியர் அடிங்ற்றன் குதிரையேற்றத்தையும், காலத்தோடு உறங்குதலையும், நாள்தோறும் போர்ட் என்னும் திராட்சை மதுவையும் விதித்தார். உடல் தேறியது, மதுவோ சாகும்வரை அவரை விட்டு நீங்கவில்லை. (அவ்வைத்தியரின் மகனே 1801இல் பிற்றை அடுத்துப் பிரதம மந்திரியானவர்.) 1776இல், பிரபு குடும்பத்தவர்க்குரிய சலுகையினால், பரீட்சையின்றியே எம்.ஏ. பட்டம் கிடைத்தது. ஆயினும் கற்றலை விட்டாரல்லர். ஆசிரியர் பிறிற்றிமனுடன் யூக்கிளிட்டையும் நியூற்றனையும் ஆழ்ந்து கற்றார். பண்டைச் சரித்திர நூல்களில் ஒரே விடயத்தில் இருவர் எதிரெதிராகப் பேசிய பேச்சுக்களை எடுத்து, ஒருவர் சொன்னதை மற்றவர் எவ்வாறு மறுத்தார், எதனை விட்டுவிட்டார் என்று ஆராய்வார். தம் கட்சியின் வாதத்தை மட்டும் மனப்பாடஞ் செய்து மேடையேறுவோர் இவ்விடத்தைச் சிறிது நின்று வாசித்தல் நலம்.

1776இல் வெளிவந்த ஆடம் சிமித்தின் பொருளாதார நூலையும் கற்றார். அக்கல்வி வீண்போகவில்லை. 1784இலே தேயிலை மீதான தீர்வையை நூற்றுக்கு 119இலிருந்து 12½ ஆகக் குறைத்தபொழுது, கள்ளக் கடத்தலுக்கு இலாபமில்லாது போயிற்று. அந்நாளில் அது சீனத்துத் தேயிலை. எமது மலைநாட்டிலே தேயிலைத் தோட்டம் இருக்கவில்லை.

இலண்டனுக்குச் சென்று பாராளுமன்ற விவாதங்களைக் கேட்பதும் அவர் கல்வியின் ஒரு பகுதியாயிற்று. அங்கே பொக்ஸ் என்னும் பெரும் பேச்சாளருக்கு அறிமுகமான இளைஞன், சபையில் ஒருவர் பேசப் பேச, இதற்கு இவ்வாறு விடை கூறலாமே என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். 1778 ஏப்பிரில் 7ஆந் திகதி நோயுற்ற தந்தையார் பிரபுக்கள் சபையிலே பேச எழுந்து மயங்கி வீழ்ந்தார். அவரைத் தாங்கிச் சென்றோருள் பதினெட்டு வயது மகனும் ஒருவர். மே மாதம் தந்தை இறந்தார். தமையனார் தூரதேசத்தில் இருந்தமையால், இறுதிச் சடங்கிலே தலைமையாக நடக்கும் பொறுப்பு வில்லியத்தின்மேல் வந்தது.

அதன்பின் யாவும் விரைவாக நிகழ்ந்தன. சட்டம் பயின்றார், 1780இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதியிலே தோற்றார், 1781 சனவரியில் அப்பிள்பி தொகுதிக்கு உறுப்பினரானார். பெப்ரவரி 26இல் கன்னிப் பேச்சு. முன்னேற்பாடின்றி, சபையோர் பெயர் சொல்லி அழைக்க, எழுந்து பேசினார் என்பர். 23 வயதில் நிதி மந்திரி. 1783 டிசம்பர் 19இல், 24 வயதிலே, பிரதம மந்திரி.

இனி, அக்கல்வி தராததையும் சொல்லுதல் வேண்டும். அப்பிள்பியிலே சேர் ஜேம்ஸ் லௌதர் என்னும் நிலப்பிரபு எவரைச் சுட்டினாரோ அவரே உறுப்பினர். இத்தகைய தொகுதிகளை ஒழிக்கவேண்டுமென்று வாதாடிய பிற்றும் அவ்வழியாலேயே உள்ளே சென்றார். பின்னர்ப் பல்கலைக்கழகத் தொகுதியில் வென்றார். அங்கு வாக்காளர் பட்டதாரிகள். கடைக்காரனிடமோ உழவனிடமோ அவர் வாக்குக் கேட்டு நின்றதில்லை. 1785இல் அவருடைய சீர்திருத்தப் பிரேரணை 248க்கு 174ஆகத் தோற்றது; அதன்பின் அவர் அதனை எடுக்கவில்லை. பிரான்சியப் புரட்சி மூண்டதும் சீர்திருத்தம் கோரியோரை அவர் அரசாங்கமே சிறையிட்டது. 1794இல் அத்தகைய ஒருவரது வழக்கிலே பிரதம மந்திரி சாட்சியாக நின்று, 1782இல் தாமும் சீர்திருத்தக் கூட்டத்துக்குச் சென்றதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மறு ஆண்டு, பஞ்சத்தால் மக்கள் கொதித்தபொழுது, ஐம்பதின்மருக்கு மேற்பட்ட அரசியற் கூட்டங்களைக் கட்டுப்படுத்தச் சட்டஞ் செய்தார். பசித்த மக்களின் குரலை அவர் சரியாகக் கேட்டறிந்தாரென்று எம்மாற் சொல்ல இயலவில்லை. அதே 1795இலேயே அவர் அரசாங்கத்தின் படை யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியது.

ஆயினும் கை சுத்தமானது. 1784இல் ஆண்டுக்கு 3,000 பவுண் தரும், வேலை குறைந்த ஓர் உத்தியோகம் வெற்றிடமாயிற்று. தாமே எடுத்துக்கொள்ளலாம், வழக்கமும் அதுவே. அவரோ அதனை முதிய உறுப்பினர் ஒருவருக்கு அளித்து, அவருக்குச் செலவான உபகாரச் சம்பளத்தை நாட்டுக்கு மிச்சப்படுத்தினார். நாட்டின் கணக்கை நுணுகிப் பார்த்த அவர் தம் வீட்டுக் கணக்கைப் பார்க்கவில்லை. 1806 சனவரி 23இல், 46 வயதிலே, கடனாளியாக இறந்தார். அக்கடனைத் தீர்க்க, சிறுவயதில் அவர் ஆசைப்பட்ட அப்பொதுமக்கள் சபையே 40,000 பவுண் வழங்கிற்று.